முதலில் பழையதை நீக்கவும்

கம்ப்யூட்டரில் புது மென்பொருள் ஏற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு என்று சொன்னால் அது பாதிப் பொய். பழையதைப் பிடுங்குவதுதான் பிழைப்பு. சேலத்திலிருந்து பஸ் ஏறி வாழப்பாடி, எருமப்பட்டி என்று எங்கே போனாலும் ஒரே கதை. என்றோ யாரோ போட்ட பதிப்பு பாதி அழிந்து, பாதி ஒட்டிக்கொண்டு கிடக்கும். விட்ட குறை தொட்ட குறை. புதியது உள்ளே வராது, பழையது வெளியே போகாது. எனக்கு அலுத்துவிட்டது.

போன ஆடியில் ராசிபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் கம்ப்யூட்டர், பின்னால் நாலு விசைத்தறி. சேலைக்கு டிசைன் வரைபவர் அவர் மனைவி. எட்டு வருஷமாக வரைந்ததெல்லாம் பழைய பதிப்பில் இருந்தது. டிசைனைப் படித்து இழைகளைத் தூக்கிவிடும் ஜக்கார்டு பெட்டியைத் தறியில் புதிதாக மாட்டியிருந்தார்கள். அதுவோ புதிய பதிப்பின் ஃபைலை மட்டும்தான் படிக்கும். புதியதைப் போட்டு, அந்த டிசைன்களை அதில் திறந்து கொடுத்தால்தான் தீபாவளிச் சேலைக்குத் தறி ஓடும்.

"ஏனுங்க, பழசு இருந்துட்டுப் போவட்டுமுங்க. அதும்மேலயே போட்டு உடுங்க" என்றார் தறிக்காரர்.

அவரே மூன்று முறை அப்படிப் போட்டுப் பார்த்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீர்ந்தால் மிச்சத்தை வெட்டி எறியமாட்டார்கள். பழைய பாவின் நுனியில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்து இழுப்பார்கள். பழையதைப் பிடித்துக்கொண்டுதான் புதியது வரும். கம்ப்யூட்டரில் அது நடக்காது, ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்றேன். அரை மனதோடு தலையாட்டிவிட்டுத் தறிப்பக்கம் போனார்.

பழையதை நீக்கினேன். நீக்கியாயிற்று என்றது. புதியதைப் போட்டால் 'முதலில் பழைய பதிப்பை நீக்கவும்' என்றது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். அதே வரி. வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது. பழைய பெயர் இருந்த இடமெல்லாம் தேடித் தேடி அழித்தேன். மணி இரண்டானது. சாப்பிடவில்லை, கழுத்து வலித்தது, யார்மேல் என்றே தெரியாமல் கோபம் வந்தது. மிச்சம் இருந்தது பழைய மென்பொருளின் ஃபோல்டர் ஒன்றுதான்.

"டிசைனெல்லாம் தனியா எடுத்து வெச்சுட்டீங்களா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"வெச்சுட்டனுங்க. பென் டிரைவ்ல இருக்குதுங்க."

அதை வாங்கிச் செருகிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. நான் பார்க்கவில்லை. குப்பைத்தொட்டியில்கூடத் தங்காதபடி ஃபோல்டரை அழித்தேன். புதியது ஒரு முனகலும் இல்லாமல் ஏறியது.

பிறகுதான் பென் டிரைவைச் செருகினேன். அதில் இருந்தவை திரையில் இருந்த ஐகான்கள் மட்டும். டிசைன் எங்கே இருக்கிறது என்று வழிகாட்டும் குறிகள். டிசைன்கள் நான் அழித்த ஃபோல்டருக்குள் இருந்தன. மீட்டெடுக்கும் மென்பொருள் இரண்டைப் போட்டு ஓட்டினேன். பெயர்கள் வரிசையாக வந்தன. திறந்தால் ஒன்றிலும் படம் இல்லை.

 அந்த அம்மாவிடம் சொன்னேன். பார்க்காமல் அழித்தது என் தப்பு என்றும் சொன்னேன். அவர் அந்தப் பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"புதுசு வேலை செய்யுதுங்களா?" என்று கேட்டார்.

"செய்யுதுங்க."

உள்ளே போய் பீரோவிலிருந்து தன் டிசைனில் நெய்த ஒரு சேலையை எடுத்து வந்தார். முந்தானையைத் திரைக்குப் பக்கத்தில் விரித்தார். புதிய பதிப்பில் வெறும் கட்டத்தாள் ஒன்றைத் திறந்துவிட்டு, என் கையில் ஒரு ஊசியைக் கொடுத்தார்.

"எனக்குப் பொடி இழையெல்லாம் கண்ணுக்குச் செரியாத் தெரியறதில்லைங்க. நீங்க இழைய எண்ணிச் சொல்லுங்க, நான் புள்ளி வெச்சுக்கறேன்."

"மத்த சேலையையும் எடுத்து வாங்க. இருந்து எல்லாத்தையும் எண்ணித் தாரேன்" என்றேன்.

"இது ஒண்ணுதானுங்க இருக்குது. மத்ததெல்லாம் வித்துப்போச்சுங்க" என்றார்.