மூலையைப் பிடி

மிளகாய்க்கு அந்தப் பட்டப்பெயரை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்று யாரும் கேட்டதும் இல்லை. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவைப் பிரிவில், அவள் வாயைத் திறந்தால் காரணம் விளங்கிவிடும். கோபம் அவளுக்கு மூக்கின் மேலேயே குடியிருந்தது. பத்தொன்பது வருடமாக ஒரே மேசைக்கு முன்னால் நின்று விரிப்பு மடிக்கிறாள். மாடியில் யார் யாரோ படுத்து, வேர்த்து, அழுது, பிழைத்து, செத்துப்போன விரிப்புகள் வெந்நீரில் வெந்து, சூடாக வந்து மேசையில் மலையாகக் குவியும்.

விரிப்பு மடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. இந்தப் பக்கம் இரண்டு மூலை ஒருத்தி கையில், அந்தப் பக்கம் இரண்டு மூலை இன்னொருத்தி கையில். இழுத்து உதறி, நீளவாக்கில் மடித்து, எதிரெதிரே நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு. மிளகாய்க்கு எதிரே நின்றவள் டீச்சர். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட விரித்துப் படித்துவிட்டு எல்லாரையும் திருத்துவாள், அவ்வளவுதான்.

மிளகாய் முதல் விரிப்பைத் தொடும்முன் கண்ணை மூடிக் கும்பிடுவாள். உன் சாமி வந்து ஒரு பக்கம் பிடித்தால் எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்குமே என்பாள் டீச்சர். ஆரம்பித்துவிடும். கடவுள் உண்டா, விதி உண்டா, யாருக்கு ஓட்டுப் போடுவது, பெற்றவர்கள் சொன்னவனைத்தான் கட்டிக்கொள்ள வேண்டுமா, ஒன்று பாக்கி இருக்காது. முன்னால் நடந்து வரும்போது ஒருத்தியின் கேள்வி, பின்னால் போகும்போது மற்றவளின் பதில். நானூறு விரிப்பும் தீரும், வழக்குத் தீராது. பத்தொன்பது வருடத்தில் ஒருத்தி மற்றவளை ஓர் அங்குலம் நகர்த்தியதில்லை. மதியம் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். அப்போதும் உப்பு அதிகமா குறைவா என்று சண்டை.

இந்த லட்சணத்தில்தான் புது சூப்பர்வைசர் வந்தார். குரலே உயர்த்தாத மனிதர். வந்த வாரமே சுவரில் ஒரு பலகை மாட்டினார்: "இங்கே மதம், அரசியல் பேசக்கூடாது. அனைவர் மனதையும் மதிப்போம்." மிளகாய்க்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. மனதை மதிக்கிறவர் ஓடாத மின்விசிறியை அல்லவா முதலில் மாற்றியிருப்பார்?

அந்த மாதமே மிளகாயின் தம்பி மூன்றாம் மாடியில் வந்து படுத்தான். பதினேழு நாள். கையில் வரும் ஒவ்வொரு விரிப்பும் அவனுடையதாக இருக்குமோ என்று பயந்துகொண்டே மடித்தாள், வேண்டிக்கொண்டே மடித்தாள். பதினெட்டாம் நாள் காலையில் போய்விட்டான்.

ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தவள் வழக்கம்போலக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். டீச்சர் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது போல.

"பதினேழு நாள் கும்பிட்டியே, கேட்டுச்சா உன் சாமி?"

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினாள் பாவி. நான்கு நாள் விரிப்பு பேச்சே இல்லாமல் மடிந்தது. அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது. இஸ்திரி மேசைக்காரர் சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்குப் போய் விஷயத்தை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் சூப்பர்வைசர் மிளகாயைக் கூப்பிட்டு நாற்காலி கொடுத்தார். அவர் யாருக்கும் நாற்காலி கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. தம்பிக்காக வருத்தப்பட்டார். டீச்சரைப் போன்றவளை எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வது என்று அங்கலாய்த்தார். மாதக் கடைசியில் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது டீச்சர் பெயரை எடுத்துவிடலாம், மிளகாய் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். காகிதம் தட்டச்சு ஆகித் தயாராக இருந்தது.

சத்தியமாகக் கையெழுத்துப் போடத்தான் நினைத்தாள். போகட்டும், தெருவில் நிற்கட்டும், அப்போது தெரியும் வலி என்று பேனாவையும் எடுத்துவிட்டாள். எதில் போடுகிறோம் என்று பார்த்துவிடுவோமே என எழுத்துக் கூட்டிப் படித்தாள். "எனது மத உணர்வு புண்பட்டது. இத்தகையவருடன் என்னால் பணிபுரிய இயலாது."

பத்தொன்பது வருடம் அவளோடு பணிபுரிந்தவளைப் பார்த்து இயலாது என்று சொல்ல இந்தக் காகிதம் யார்? அவளுக்குச் சுருக்கென்றது. கூடவே வேறொன்றும் ஞாபகம் வந்து குத்தியது. ஆறு வருடம் முன்பு டீச்சரின் கணவன் அவளை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போனான். சாமி இல்லையென்று சொன்னவளுக்குச் சாமி கொடுத்த கூலி என்று, அத்தனை பேர் முன்னாலும் சொன்னவள் மிளகாய்தான். மறுநாள் டீச்சர் வீங்கின கண்ணோடு வந்தாள். மூலையைப் பிடி என்றாள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

மிளகாய் அதை அப்படியே சூப்பர்வைசரிடம் சொன்னாள். அப்போது எனக்கும் ஒரு காகிதம் அடித்திருப்பீர்களா என்று கேட்டாள்.

"அது வேற விஷயம்மா. அதுல யார் மனசும் புண்படலையே."

"அவளுக்கு மனசே இல்லையா சார்?"

அவர் பலகையைக் காட்டினார், ஒற்றுமை என்றார், அமைதி என்றார். மிளகாய் குனிந்து, தட்டச்சு எழுத்துக்குக் கீழே கோணல்மாணலாக எழுதினாள்: "நானும் அவளை இதைவிட மோசமாகப் பேசியிருக்கிறேன். அவளை அனுப்பினால் என்னையும் அனுப்பவும்." அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டாள். அவர் படித்தார். முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது.

"உங்க சாமிய கேவலமா பேசினவம்மா அவ. உங்களுக்காகத்தான் நான் இவ்வளவும் பண்றேன்."

"என் சாமிக்காக நான் சண்டை போட்டுக்கறேன். அதுக்கு வக்கீலா உங்கள யாரு வெச்சது? ஆடு நனையுதுன்னு ஓநாய் அழ வேணாம் சார்."

மேலதிகாரிகளுக்கு அனுப்ப லாயக்கில்லாமல் போன காகிதத்தை அவரே கசக்கிக் கூடையில் எறிந்தார். மிளகாய் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

மேசைக்கு முன்னால் டீச்சர் ஒரு விரிப்பைத் தாடையில் இடுக்கிக்கொண்டு தனியாக மடிக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தாள். எதற்காக மிளகாயைக் கூப்பிட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"கையெழுத்து போடத்தான்டி போனேன். பேனாவ எடுத்துட்டேன், தெரியுமா உனக்கு?"

டீச்சர் விரிப்பை இறக்கினாள். "நான் சொன்னது தப்பு."

"எது? சாமி இல்லைங்கறதா?"

"அது தப்பில்ல. உன்கிட்ட அன்னிக்கு சொன்னது தப்பு."

அப்போதும் விட்டுக்கொடுக்கிறாளா பார், ராங்கிக்காரி. மிளகாய்க்குக் கண் கலங்கியது. கலங்கியதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் சூப்பர்வைசர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரி மேசைக்காரர் தலையே நிமிரவில்லை. மிளகாய் பலகைக்கு நேர் கீழே நின்று, கண்ணாடி அறை வரைக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

"சாமி இருக்கு. அது என் தம்பிய ஏன் கூட்டிட்டுப் போச்சுன்னு நான் அதுகிட்ட கேட்டுக்கறேன், நீ கேக்காதே. உன்ன நான் மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன். மூலையப் பிடி."