ராசா இறங்கவில்லை

“வைகாசி, ஞாயிறு. கீரி. பகல் கூத்து. இரண்டு மணி என்றார்கள், மூன்றரைக்குத் தொடக்கம். காற்று பலம். முன் ராசா இறங்கவில்லை.”

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. கீரி எங்கள் தீவில் ஓர் ஊர். ஆண்டைக் குறிக்கவில்லை. அச்சிட்டிருக்கும் ஆண்டையும் நம்ப முடியாது. மலிவாகக் கிடைத்த பழைய ஆண்டின் நாட்குறிப்பு அது, கிழமைகளை நானே வெட்டித் திருத்தியிருக்கிறேன். என் மனைவியின் தமையன் குடும்பத்தோடு அக்கரையில், இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பிவந்து, ஊரில் இரண்டாவது தென்மேற்குச் சோளகக் காற்றைக் கண்ட வருடம் என்று மட்டும் சொல்லலாம்.

போர் முடிந்து திரும்பிய சனம் முதலில் கூரை போட்டது, பிறகு கிணறு இறைத்தது, அதன் பிறகு கூத்துப் போட்டது. சில ஊர்களில் இந்த ஒழுங்கு மாறியும் நடந்தது. கிணற்றில் உப்புத்தண்ணீர் கிடக்க, மேடைக்குக் கால் நடுவதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த ஆண்டுகளில் தீவில் எங்கே மத்தளம் கேட்டாலும் நாங்கள் மூன்று பேரும் புறப்பட்டுவிடுவோம்: நான், என் மனைவி, முசலிப் பக்கத்து முஸ்லிம் துணி வியாபாரியான நானா. நானா புத்தளத்தில் பல வருடம் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பியவர். அவரிடம் ஒரு சிறிய வான் இருந்தது. முன்னால் அவரும் நானும், பின்னால் துணிக்கட்டுகளின் மேல் என் மனைவி. எங்கள் மூவரில் உயர்ந்த ஆசனம் அவளுடையதுதான்.

எதையும் விடமாட்டோம். பள்ளிக்கூட நாடகம், திருநாள் இசைக்குழு, தெருநாடகம், எல்லாம். காய்ச்சல் பரப்பும் நுளம்பை ஒழிக்கச் சொல்லி யாரோ போட்ட தெருநாடகம் ஒன்றில், நுளம்பாக நடித்தவனுக்குத்தான் அதிகக் கைதட்டல் கிடைத்தது. சுகாதாரம் தோற்றுப்போனதைக் கண்டு நாங்கள் மகிழ்ச்சியாக வீடு திரும்பினோம். நாடகக் கலை பற்றிப் புத்தகங்களில் நிறைய வாசித்திருக்கிறேன். பார்வையாளரின் மனநிலை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கச்சான் பற்றி, அதுதான் வேர்க்கடலை பற்றி, ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அவித்த கச்சான் இல்லாமல் எங்கள் பக்கத்தில் எந்த ராசாவும் கொலு வீற்றிருந்ததில்லை.

நானாவுக்கு ஒரு பழக்கம். எல்லாக் கூத்தின் கதையும் அவருக்குத் தெரியும். தெரிந்ததைப் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. சிறுபிள்ளைகள் அரக்கனைக் கண்டு பயந்தால், “பயப்படாதேங்கோ, இவன் விடியக்கு முதல் செத்துப்போவான்” என்று ஆறுதல் சொல்லுவார். என் மனைவி மேடையை அவ்வளவாகப் பார்க்கமாட்டாள். நடிப்பவரின் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார்கள், அவர்களின் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பாள். கூத்தின் நல்ல பகுதி அங்கேதான் நடக்கிறது என்பது அவளது முடிவு. நான் நேரம் குறிப்பேன். ஆக, மூன்று பேரும் ஒரே கூத்துக்குப் போய் மூன்று கூத்துப் பார்த்துவிட்டு வருவோம்.

இப்போது கீரிக்கு வருகிறேன். கூத்து என்றால் இரவுக்குத்தான். ஆனால் இரவில் ஒலிபெருக்கி போட அனுமதி கேட்டு மூன்று அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கவேண்டியிருந்தது; பகலுக்கு ஒரு கந்தோர் போதும். ஆகவே பகலிலேயே போடுவதென்று தீர்மானித்தார்கள். பங்குத்தந்தை ஒரு நிபந்தனை வைத்தார்: ஆறு மணிக்குத் திருப்பலி, மணி அடித்ததும் ஒலிவாங்கியை நிறுத்திவிடவேண்டும்.

எங்கள் பக்கத்துக் கூத்தில் ஒரு ராசாவுக்கு ஓர் ஆள் போதாது. பாட்டு நீளம், தொண்டைக்குப் பலம் குறைவு, நடிக்க ஆசைப்படுகிறவர்கள் மிகுதி. அதனால் ஒரே ராசாவை முன் ராசா, பின் ராசா என்று இரண்டு பேருக்குப் பகிர்ந்து கொடுப்பார்கள். முன் ராசா கொலு வீற்றிருப்பார், வேட்டைக்குப் போவார், கிறிஸ்துவைப் போதிக்கிற வேதக்காரரைப் பிடித்துச் சிறையில் போடுவார். பின் ராசா மனம் திரும்புவார், அழுவார், சாவார். சனம் குழம்புவதில்லை. திரைக்குள் தடித்தவராகப் போனவர் ஒல்லியாகத் திரும்பிவந்தாலும், தலையில் அதே ராசமுடி இருந்தால் அவர்தான் ராசா.

கீரியில் முன் ராசா, தோட்டவெளியில் சீமெந்துக்கடை வைத்திருந்தவர். மேடைக்குத் தகரம் முழுவதும் அவரே கொடுத்து உதவியிருந்தார். பின் ராசா என் மச்சான், அதாவது என் மனைவியின் தமையன்.

மச்சானுக்கு அது வெறும் வேடம் அல்ல. ஊரைவிட்டு வள்ளத்தில் போகும்போது அவர் கூத்தில் காவற்காரன். கையில் வேல் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பார், ஒரு வரி பாட்டுக் கிடையாது. மண்டபம் முகாமில் ஆட்கள் பற்றாமல் அவரே முழு ராசாவாக ஆடினார். மனைவியின் சேலைதான் அங்கே சால்வை, மட்டையில் வெட்டியதுதான் முடி. இங்கே வந்து அதைச் சொன்னால் ஊர் சிரித்தது. “அக்கரையில ராசாவா இருந்திருப்பீர், இஞ்ச வந்து வரிசையில நில்லும்” என்றார்கள், கூத்துப் பழகுகிற இடத்தில். தன்னைக் காவற்காரனாக மட்டுமே பார்த்த ஊர், தான் ராசாவாகச் சாவதை ஒருதரம் பார்க்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. தங்கையிடம் மட்டும் இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அவள் எனக்குச் சொன்னாள். நான் நானாவுக்குச் சொன்னேன். நானா கடையில் வைத்து முசலி முழுக்கச் சொன்னார்.

கூத்து தொடங்கியபோது வெயில் சுட்டெரித்தது. இரவு வெளிச்சத்துக்காக முகத்தில் பூசுகிற முத்துவெள்ளை பகலில் வழிந்து, மந்திரிமார் எல்லோரும் அழுதுவிட்டு வந்தவர்கள்போல் இருந்தார்கள். சோளகம் மணலை அள்ளி மேடைக்கு மேல் எறிந்தது. யாரும் வாயை அகலத் திறந்து பாட முடியாது. முன் ராசா மட்டும் திறந்தார். தகரம் கொடுத்தவர் அல்லவா.

சிவப்பு வெல்வெட் உடுப்பில் அவர் நன்றாகத்தான் இருந்தார். துணி நானா கொடுத்தது. “பார் தம்பி, என்ன வீழ்ச்சி” என்று நானா என் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் பார்த்தது ராசாவை அல்ல, துணி மடிந்து விழுந்த அழகை. கொலு முடிந்தது. வேட்டை முடிந்தது. வேதக்காரர் விலங்கோடு வந்து நின்றார். தண்டனையைப் பாடிவிட்டு முன் ராசா இறங்கவேண்டும். இறங்கவில்லை. பாடியதையே இன்னொரு மெட்டில் பாடினார். பிறகு எங்கேயோ வேறு கூத்தில் கேட்ட பாட்டையும் எடுத்தார். மேடையோரம் மத்தளத்தோடு நின்று பாட்டெடுத்துக் கொடுத்த அண்ணாவியார், முடிக்கச் சொல்லி மத்தளத்தை அறைந்தார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு ராசா மேலும் ஒரு சுற்று ஆடினார். விலங்கோடு நின்ற வேதக்காரர் களைத்துப்போய்ச் சிறையின் வாசலிலேயே குந்திவிட்டார்.

“தம்பி, இண்டைக்கு இவர் சாகமாட்டார் போல” என்றார் நானா. கதையின் முடிவை அவர் பிழையாகச் சொன்னதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

நான் எழுந்து மேடையின் பின்பக்கம் போனேன். மச்சான் மேற்சட்டை இல்லாமல், முகத்துக்கு மட்டும் வெள்ளை பூசி, மீசை கீறிக்கொண்டு நின்றார். ராச உடுப்பு ஒன்றுதான் இருந்தது. அது மேடையில் இருந்தது. பதற்றம் வந்தால் அவர் பேச்சில் அக்கரை வந்துவிடும்.

“மணி என்னங்க?”

அஞ்சரை தாண்டிவிட்டது என்றேன்.

“ஆறுக்கு மணி அடிச்சா முடிஞ்சுதுங்க. நான் சாகாமலே வீட்ட போகவேண்டியதுதான்.”

ஆறுதலாக ஏதாவது சொல்லத் தேடினேன். அடுத்த வருடம் என்று தொடங்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த வசனத்தை அப்படியே விட்டுவிட்டேன். திரும்பிவரும்போது பெண்கள் பக்கம் கண் போனது. மச்சானின் மனைவியும் மகளும் பாயில் இருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் என் மனைவியின் இடம் வெறுமையாக இருந்தது. தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன். அன்றைக்கு அதற்கு மேல் நினைக்கவில்லை.

நான் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, அறிவிப்பாளரின் குரல் பாட்டை வெட்டிக்கொண்டு வந்தது. “தயவுசெய்து கவனிக்கவும். கோவில் மதிலடியில் சிவப்பு நிற மோட்டார் சைக்கிள் ஒன்று விழுந்து கிடக்கின்றது. பெற்றோல் ஒழுகுகின்றது. சொந்தக்காரர் உடனடியாக வரவும்.”

அந்த வட்டாரத்தில் சிவப்பு மோட்டார் சைக்கிள் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். சீட்டில் உறைகூடக் கழற்றாத புதிது. முன் ராசாவின் தொண்டை அரைவரியில் நின்றது. செங்கோலை மந்திரியின் கையில் கொடுத்தார்.

“மந்திரி, இவரைப் பிடிச்சு வைச்சிரும். இந்தா வாறன்.”

சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் ஓடினார். அவர் கால் மேடையைவிட்டு இறங்கியதுதான் தாமதம், அண்ணாவியார் பின் ராசாவின் வரவுப் பாட்டை எடுத்தார். அவர் அவ்வளவு விரைவாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. வரவு பாடிவிட்டால் பழைய ஆள் மேடை ஏறக்கூடாது. அதைத் தகரம் கொடுத்தவராலும் மாற்ற முடியாது. திரைக்குப் பின்னால் பெரிய இழுபறி நடந்ததாகக் கேள்வி. நாங்கள் கண்டது, திரை ஒரு தடவை வீங்கி அடங்கியதைத்தான். பிறகு முடியோடும் வெல்வெட்டோடும் மச்சான் வெளியே வந்தார். உடுப்பு அவரைச் சுற்றி இன்னொரு தடவை சுற்றக்கூடிய அளவில் தொங்கியது. சனம் சிரித்தது.

அவர் பாடத் தொடங்கியதும் சிரிப்புக் குறைந்தது. மனம் திரும்பிய ராசாவின் ஒப்பாரி அது. வேதக்காரரைச் சிறைக்குள் போடாமலே முன் ராசா ஓடிவிட்டதால், நிறைவேற்றாத தண்டனைக்காக அவர் அழுதார் என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன். வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பழகுகிற இடத்தில் நக்கலடித்த பெண்ணொருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மூன்றாவது பாட்டில் கோவில் மணி அடித்தது. சொன்னபடியே ஒலிவாங்கி நின்றது.

மச்சான் நிற்கவில்லை. முகாமில் அவருக்கு யார் ஒலிவாங்கி கொடுத்தார்கள்? குரலை இன்னும் ஒரு படி ஏற்றினார். பங்குத்தந்தை கோவில் வாசலுக்கு வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார். ராசா நெஞ்சில் கைவைத்துச் சாய்ந்தார். சனம் மூச்சை அடக்கியது. ராசா நிமிர்ந்து இன்னொரு பாட்டு எடுத்தார். மறுபடியும் சாய்ந்தார், மறுபடியும் எடுத்தார். முன் ராசாவைப் பற்றி முறைப்பட்டவர் இவர்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அதற்குள் முன் ராசா திரும்பிவந்து மேடைக்குக் கீழே நின்றார். இடுப்பில் சாரம், முகத்தில் ராச மீசை, கைகளில் மணல்.

“காணும், செத்துத் துலையுமன்” என்றார்.

மச்சான் செங்கோலைச் சற்றே உயர்த்தி, ராசாவுக்குரிய நிதானத்தோடு கீழே பார்த்தார்.

“பொறும். வாறன்.”

அந்தச் சொல்லில் அக்கரை இல்லை. சனம் கைதட்டியது, அது கூத்தில் உள்ள வசனம் என்றே பலர் நினைத்தார்கள். பிறகுதான் அவர் செத்தார். முழங்காலில் இறங்கி, ஒரு கையை ஊன்றி, மெதுவாகச் சரிந்து, முகம் சனத்தின் பக்கம் இருக்கும்படி. “வெல்வெட்டு கவனம்” என்று நானா எழுந்தே விட்டார். அதற்கு முன்பே செத்தவர் கை நீட்டி, ஓரத்தை மடித்து உடம்புக்குக் கீழே வைத்துக்கொண்டார். பங்குத்தந்தை உள்ளே போனார். திருப்பலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை, கோவிலுக்குள்ள மரியாதைக்காக நான் எழுதவில்லை.

மேடைக்குப் பின்னால் முன் ராசா வந்து முடியைக் கேட்டு வாங்கினார். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “செத்தது வடிவாத்தான் இருந்தது” என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு ஊரில் மச்சானை யாரும் காவற்காரன் என்று சொன்னதில்லை. பின் ராசா என்றுதான் கூப்பிடுவார்கள், மீன் வாடியிலும் அப்படித்தான்.

வீட்டுக்குப் புறப்படுமுன் நான் மதிலடிக்குப் போய்ப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் விழுந்தது உண்மை. மணலில் அது கிடந்த தடம் இருந்தது. பெற்றோல் ஒழுகியதற்கு அடையாளம் இல்லை. பக்கத்தில் சாய்த்திருந்த சைக்கிள்கள், அதைவிடப் பாரம் குறைந்தவை, ஒன்றும் விழவில்லை. அறிவிப்பாளரைக் கேட்டேன். ஒரு பெண் பின்பக்கத்தால் வந்து சொன்னதாகவும், வெயில் கண்ணில் அடித்ததால் முகத்தைப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். வானில் வரும்போது மனைவியைக் கேட்டேன். துணிக்கட்டுகளுக்கு மேலிருந்து பதில் வந்தது.

“சோளகத்துக்கு ஆர் சொல்லிக்குடுக்கிறது? காத்து அடிச்சால் விழும்தானே.”

நானா கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு வானை ஓட்டினார். அதன் பிறகு பல தடவை, பல விதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன்; பதில் மாறவில்லை. ஆகவே, அந்த ஞாயிறு மோட்டார் சைக்கிள் காற்றால் விழுந்ததா, கையால் விழுந்ததா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.