செல்வியின் இருபதாம் அத்தியாயம்

வாரப் பத்திரிகையில் தொடர்கதைப் பக்கத்தைக் கவனிப்பவனுக்கு, கதாசிரியர் கையில் அடுத்த அத்தியாயம் இருக்கிறது என்று நம்புவதுதான் பிழைப்பு. அந்தப் பக்கத்தோடு மாரடித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியறையில் எனக்கு அந்த வேலை.

வராத உறை

சின்னப்பன் சார் கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். வாரம் ஓர் அத்தியாயம் எழுதி, திங்கட்கிழமை ஆள்மூலம் அனுப்புவார். கதாநாயகி செல்வி ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவள். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அவளுடைய சந்தேகக்காரப் புருஷன் கத்தியோடு கதவைத் தாழிடுகிறான். ‘தொடரும்’ போட்டுவிட்டோம். அடுத்த திங்கள் உறை வரவில்லை. பள்ளிக்குப் போன் போட்டேன்.

"அவன் என்ன செய்வான்னு எனக்கே இன்னும் தெரியல தம்பி."

செராஸிலிருந்து வந்தவர்

மறுநாள் காலை, ஃபேக்டரி சீருடையில் ஒரு பெண் படியேறி வந்தார். செராஸில் வீடு, இரண்டு பிள்ளைகள். அவர் கணவர் வாராவாரம் தொடரைச் சத்தமாகப் படிப்பாராம். படித்து முடித்ததும் பேசாமல் இவரையே பார்ப்பாராம். போன வாரம் படித்தபின் சமையல் கத்தியை எடுத்துத் தீட்டியிருக்கிறார்.

சனிக்கிழமை இதழில் என்ன வரும் என்று கேட்டார். தெரியாது என்றேன். போலீசுக்குப் போகலாம், நானும் வருகிறேன் என்றேன். பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அந்தப் பொண்ணைக் கொன்னுடாதீங்க அண்ணே. அவரு அதைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்காரு."

இரண்டு முடிவுகள்

அவர் போன சற்று நேரத்தில் உறை வந்தது. உள்ளே செல்வி செத்துப்போயிருந்தாள். சாரை மறுபடி போனில் பிடித்து, வந்துபோன பெண்ணைப் பற்றிச் சொன்னேன். பிறகு போனிலேயே புது அத்தியாயம் சொல்லத் தொடங்கினார். அவர் ஒரு வாக்கியம் சொல்ல, நான் உரக்கத் திருப்பிச் சொல்ல, டைப்பிஸ்ட் மகேஸ் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் தட்டினாள். செல்வி பின்கதவைத் திறந்துகொண்டு வெளியேறிவிட்டாள்.

"இனிமே எழுத உட்கார்ந்தா அந்த அம்மா முகம்தான் வரும் தம்பி. நான் பார்த்ததே இல்லாத முகம்."

வரிசை

அச்சுக்குப் பக்கம் கட்டும்போது புது அத்தியாயத்தின் கோப்பைத் திறந்தால் திரை முழுக்கக் கட்டங்களும் கிறுக்கலும். பழுதுபார்க்க வந்த ஆ செங் விளக்கினார்: கம்ப்யூட்டர் கதையைக் கதையாக வைத்துக்கொள்வதில்லை, எழுத்துகளை ஒரே வரிசையாக்கி அடுக்குகிறது. திறக்கும்போது அதே வரிசையில் எடுத்துத்தான் மறுபடி கதையாக்கும். நடுவில் ஒன்று தவறினால் பின்னால் உள்ளதெல்லாம் கெட்டுவிடும்.

அச்சக லோரி ஐந்து மணிக்கு வரும். பள்ளி மூடியாயிற்று, சார் வீட்டில் போன் கிடையாது. மேசையில் காகிதமாக மிஞ்சியிருந்தது கொலை அத்தியாயம் மட்டுமே. நானும் மகேஸும் வியர்க்க வியர்க்க, நினைவிலிருந்து செல்வியை வெளியே நடத்தினோம். ஆ செங் பெட்டியை மூடியபடி, ஒன்று தொலைந்தால் எல்லாம் போச்சு என்று, தான் சொன்னதையே மலாயில் சுருக்கினார்.

"சாத்து ஹிலாங், செமுவா ஹாபிஸ், பாஸ்."

நான்காம் வாரம்

இதழ் வெளிவந்தது. அந்தப் பெண்ணைப் பற்றித் தகவலே இல்லை. மூன்று வாரம் தினசரிகளில் செராஸ் என்ற பெயரைக் கண்டாலே கடைசி வரிவரை படித்துவிடுவேன். நான்காம் வாரம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவரே வந்தார்.

"இங்க வந்த மறுநாளே பிள்ளைங்களோட செமினியில தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன். போலீஸ்ல ரிப்போர்ட்டும் பண்ணியாச்சு. உங்க கதையை இன்னும் படிக்கல அண்ணே. செல்வி இருக்காளா?"

யாருக்காகப் பதறிப் பதறி அந்த அத்தியாயத்தை அச்சேற்றினேனோ, அவர் அதற்குக் காத்திராமல் தானே கிளம்பிவிட்டார், அதைப் படிக்கவே இல்லை என்பதுதான் இந்த உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி.