சிவப்பு மையில் ஓர் ஏழு

எங்கள் வீட்டுக்கு வரும் பேப்பரில் நானும் என் மனைவியும் சண்டை போட்ட ஒரே பக்கம், சுடோகு வரும் பக்கம். கட்டம் ஒன்று, ஆள் இரண்டு. காலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் நான் நீல மையில் பாதி போடுவேன். மிச்சத்தை அவள் மத்தியானம் சிவப்பு மையில் முடிப்பாள். சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே நான் திருத்துவேன். திருத்தும் வேலையை எனக்கு யாரும் தரவில்லை, நானாக எடுத்துக்கொண்டது.

விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். குறுக்கு வரிசை, நெடுக்கு வரிசை, ஒன்பது அறை கொண்ட சின்னச் சதுரம், எதிலும் ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வொரு எண்ணும் ஒரு முறைதான் வரலாம். எங்கள் வீட்டில் இன்னொரு விதியும் உண்டு. குத்துமதிப்பாகப் போடக் கூடாது. ஓர் எண்ணுக்கு வேறு இடமே இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேனா. சந்தேகமாக இருந்தால் அறையின் மூலையில் பென்சிலால் பொடியாக எழுதிவைத்துக் காத்திருக்க வேண்டும். மீறியவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும்.

எண்ணூர் பக்கம் ஒரு யார்டு கேட்டில் கன்டெய்னர் எண்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஓர் எண் மாறியிருந்தாலும் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தத் திமிர் வீட்டுக்கும் வந்திருந்தது.

மழைக்காலத்தில் ஒரு நாள், ஒரே வரிசையில் இரண்டு ஏழு. இடது பக்கம் அவளுடைய சிவப்பு ஏழு. வலது கோடியில் அச்சிலேயே வந்த ஏழு.

"இன்னாமே, குத்துமதிப்பா போட்டியா?"

"இல்லயா. பாத்துதான் போட்டேன்."

"பாத்துப் போட்டா ரெண்டு ஏழு எப்டி வரும்?"

பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய்ப் பாத்திரம் கழுவினாள்.

அதற்கப்புறம் வாரத்தில் இரண்டு மூன்று நாள் இதே கதை. ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில். ஒரு தடவை அவள் வலது தோள் கன்றிப்போயிருந்தது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். புத்தி எங்கே போச்சு என்று அதற்கும் கத்தினேன். ஒரு நாள் வீம்புக்குக் கட்டம் முழுவதையும் நானே நீல மையில் முடித்து வைத்தேன். அவள் பிரித்துப் பார்த்துவிட்டு, மடித்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள்.

பங்குனியில் துணி எடுக்க வண்ணாரப்பேட்டை போனவளை, ரோட்டைத் தாண்டும்போது வலது பக்கமிருந்து வந்த ஷேர் ஆட்டோ இடித்துவிட்டது. காலில் சிராய்ப்போடு போனது. ஆட்டோ வந்ததே தெரியவில்லை என்றாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் கட்டி. அது அவள் பார்வையின் வலது பாதியை மறைத்திருந்தது. எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன்.

வீட்டுக்கு வந்து, எடைக்குப் போட வைத்திருந்த பேப்பர் கட்டைப் பிரித்தேன். அவள் தப்பாகப் போட்ட ஒவ்வொரு எண்ணுக்கும் ஜோடி, வலது ஓரத்து மூன்று நெடுக்கு வரிசைக்குள்ளேயே இருந்தது. ஒன்றுகூட விலகவில்லை. கண்ணுக்குத் தெரிந்த கட்டத்தை வைத்து அவள் விதிப்படிதான் போட்டிருக்கிறாள். தப்பு எங்கே வருகிறது என்று ஐந்து மாதமாக நான்தான் பார்க்கவில்லை. மறுநாள், முன்னாலேயே கூட்டிவந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கண் விழிக்கவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக்கு அந்த மழைக்காலத்துப் பேப்பரை எடுத்துப்போயிருந்தேன்.

"நீ குத்துமதிப்பா போடலமே" என்றேன்.

"அந்த இன்னொரு ஏழு எங்க கீது, காட்டு."

அவள் விரலைப் பிடித்து வலது கோடி அறையில் வைத்தேன். தலையை நன்றாகத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்துதான் போட்டேன்னு சொல்லிகினேதானயா இருந்தேன்" என்றாள்.