ஆறு விரிப்புகள்

வெர்னா டோல்பர்ட் படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடிப்பாள், எதிரே கூட வேலை செய்யும் ஓலீட்டா மற்ற இரண்டையும். விரிப்பை உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, முனையோடு முனை சேர்க்கும்போது வெர்னாவின் உதடுகள் ஓயாமல் அசையும். "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, கமிட்டி உறுப்பினர்களே..." ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஆறு விரிப்புகள் மடிக்க மூன்று நிமிடம். சட்டசபைக் கமிட்டி முன்னால் பொதுஜனம் பேசக் கொடுப்பதும் மூன்று நிமிடம். அவளுக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை.

"மூணாவது விரிப்புல மூச்சு வாங்குறடி. காலைல பிஸ்கட்டைக் கொற" என்பாள் ஓலீட்டா. ஐந்து வருடமாகக் கேட்டு அவளுக்கும் முழுப் பேச்சும் மனப்பாடம்.

பேச்சு மகன் ராய்ஸுக்காக. பூட்டிய கொட்டகையில் புகுந்து புல்வெட்டும் இயந்திரத்தைத் தூக்கியவன். மூன்றாவது குற்றம் என்றால், எதுவானாலும், ஆயுள்தண்டனை என்பது அன்றைய சட்டம்; பரோல் கிடையாது. தீர்ப்புச் சொன்ன ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசினார். "எனக்கு மனசு இல்லம்மா. சட்டம் எனக்கு எடம் விடல. அதப் போட்டவங்க சட்டசபையில இருக்காங்க." ஆறு வருடம் முன்பு சட்டசபை அந்தச் சட்டத்தை மாற்றியது. இன்று அதே குற்றத்துக்கு அதிகபட்சம் எட்டு வருடம். ஆனால் இனி வருபவர்களுக்கு மட்டும். ராய்ஸுக்கு உள்ளே இது பத்தொன்பதாவது வருடம்.

கவர்னர் நினைத்தால் தண்டனையைக் குறைக்கலாம் என்று மனுப் போட்டாள். கோர்ட்டில் இன்னும் வழி இருக்கிறதா பார்க்கச் சொல்லிப் பதில் வந்தது. கோர்ட்டோ மறுபடி சட்டசபையைக் கைகாட்டியது. மூன்று கட்டடங்களும் ஒரே புல்வெளியைச் சுற்றித்தான் நிற்கின்றன. இறைச்சி உறையவைக்கும் பிளாஸ்டிக் பையில் காகிதங்களைப் போட்டுக்கொண்டு, சாவு வீட்டுக்குப் போட்டுப் போகும் கறுப்புச் செருப்போடு அவள் மூன்றுக்கும் நடந்திருக்கிறாள்.

"அரசாங்கத்துக்கு மூணு கிளைன்னு ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தாங்க" என்பாள். "ஒண்ண ஒண்ணு புடிச்சு நிறுத்துமாம். நெசந்தான். மூணுமாச் சேந்து எம் புள்ளையத்தான் புடிச்சு நிறுத்தியிருக்கு."

பழைய கைதிகளுக்கும் புதுச் சட்டம் பொருந்த வேண்டும் என்ற மசோதா வருடாவருடம் வரும். முதல் வருடம் அவள் எடுத்ததும் மகனைப் பற்றிச் சொல்லி அழுதுவிட்டாள். "மசோதாவப் பத்திப் பேசுங்கம்மா" என்றார் தலைவர். அன்றிலிருந்து அடுக்கை மாற்றிக்கொண்டாள். சட்டத்தின் எண், தேதி, மற்ற மாநிலங்களின் கணக்கு எல்லாம் முதல் நான்கு விரிப்புகளில். ராய்ஸ் கடைசி இரண்டில். எட்டு வயதில் அவன் அவளுக்குத் தலை பின்னிவிட்டது, சிறையில் சாகும் கிழவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவது, எல்லாம் அங்கேதான்.

இந்த வருடம் ஒரு ஓட்டு மாறினால் மசோதா பிழைக்கும் என்றார்கள். பேச நாற்பத்து மூன்று பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். தலைவர் மைக்கைத் தட்டி, நேரமில்லை, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று அறிவித்தார். வெர்னாவுக்குக் கேட்டது, புரியவும் செய்தது. ஆனால் அவள் முறை வந்தபோது கைகள் தாமாக இல்லாத விரிப்பை உதறத் தொடங்கிவிட்டன. நடுவில் தாண்டிப் போக நாக்குக்குத் தெரியவில்லை. எண், தேதி, கணக்கு. ஓரத்தில் இருந்த ஒரு உறுப்பினர், மாறக்கூடும் என்று சொல்லப்பட்டவர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மகன் பேரு..." என்றாள். மேசைமேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நேரம் முடிஞ்சிருச்சும்மா. ரொம்ப நன்றி."

எதிராக ஐந்து ஓட்டு, ஆதரவாக நான்கு. மசோதா கமிட்டியிலேயே செத்தது. அந்த உறுப்பினர் பழையபடியே ஓட்டுப் போட்டிருந்தார். இனி அடுத்த ஜனவரி.

மறுநாள் காலை சலவைக்கூடத்தில் ஓலீட்டா விரிப்பை எடுத்து நீட்டினாள். வெர்னாவின் உதடுகள் பழக்கத்தில் அசையத் தொடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதை உதறியதும் ஓலீட்டா தன் முனைகளோடு நடந்து வந்தாள். வெர்னா வரவில்லை. தன் இரண்டு முனைகளையும் இறுகப் பிடித்தபடி, வாய் மூடி, இருந்த இடத்திலேயே நின்றாள். இருவருக்கும் நடுவே விரிப்பு தொய்ந்து தரையைத் தொட்டது.