ரஷ்யா மாப்பிள்ளையோடு சென்னைக்குப் போன கதை

ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது, சங்கரன்கோவிலில் இருந்து எப்படிப் போவது என்று இரண்டு தம்பிமார் கேட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனிடம் இன்ஜினியர்கள் வழி கேட்கிறார்கள். நாடு உருப்பட்டுவிடும். போனால் போகிறது, ஒரு தடவை போய் வந்தவன், சொல்கிறேன். போனது எண்பத்து நாலில், ஆடித்தபசு முடிந்த வாரம். வேலை எனக்கில்லை, என் மாமா மகன் ஆறுமுகத்துக்கு.

ஆறுமுகம் விசைத்தறி மெக்கானிக். தறிக்கு அடியில் கிடந்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் புத்தகத்தில் கிடப்பான். ஒன்பது வருஷம் தபாலிலேயே படித்து, பட்டதாரி இன்ஜினியருக்குச் சமம் என்று சான்றிதழ் வாங்கினான். படித்ததெல்லாம் மதுரையில் மலிவாகக் கிடைத்த ரஷ்யப் புத்தகங்கள். தொழிற்சாலையில் தேர்வானதாகவும், ஊரில் ஆளைப் பற்றிப் போலீஸ் விசாரணை முடிந்ததும் சேரலாம் என்றும் கடிதம் வந்தது. ஐந்து மாதம் கழித்து இன்னொரு கடிதம்: நியமனம் ரத்து. காரணம் எழுதவில்லை. அந்த வருஷத்தோடு அவனுக்கு வயது வரம்பும் முடிகிறது. நேரில் கேட்டுவிடலாம் என்று கிளம்பினான். தறிச் சாமான் வாங்கச் சென்னை போய்ப் பழகியவன் என்பதால் நான் துணை.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு கொல்லம் மெயில். சுமார் அறுநூறு கிலோமீட்டர், ஆளுக்கு நாற்பத்திரண்டு ரூபாய், காலை எட்டரைக்கு எழும்பூர். அங்கிருந்து நடந்து சென்ட்ரல், மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம். இறங்கி சைக்கிள் ரிக்‌ஷா, மூன்று ரூபாய்.

ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், வேலைக்கா?"

"வேலையைக் கேக்க" என்றான் ஆறுமுகம்.

"கேக்க வர்றவங்க திரும்பிப் போறப்ப நடந்துதான் போவாங்க. நமக்கு சிங்கிள் சவாரிதான்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

கேட்டில் இரண்டரை மணி நேரம் காத்திருந்தோம். அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். ஃபைலைக் காட்ட முடியாது என்றவர், அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்களுக்கு ரஷ்யாவில் யாரும் உறவு உண்டா?"

"ரஷ்யாவா? எனக்கு ராஜபாளையத்துக்கு அங்கிட்டே சொந்தம் கிடையாது சார்."

"ஊரில் உங்களை ரஷ்யா மாப்பிள்ளை என்று சொல்வதாக எழுதியிருக்கிறதே?"

அந்தப் பேரைச் சொல்லி அவனைக் கேலி பேசுகிறவன் நான்தான்.

அதற்கு நாலைந்து மாதம் முன்னால், பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. வெள்ளை வேட்டி, தோல்பையோடு ஒருவர் வந்து, ஆறுமுகம் ஆள் எப்படி என்று கேட்டார். புளியங்குடியில் அவனுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்த நேரம். நம் பக்கம் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால் டீக்கடைக்குத்தான் வருவார்கள். அத்தான் முறைக்காரன் கேலி பேசாமல் விடுவேனா?

"அவனா? ரஷ்யா மாப்பிள்ளைல்லா வே! அங்கயிருந்து அவனுக்குக் கட்டுக்கட்டா வருது. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்னத்தையோ செய்யுதான். வெடிச்சாத்தான் தெரியும்!"

அவர் சிரிக்கவில்லை. புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர், முகமும் புளித்துத்தான் இருக்கும் என்று நினைத்து டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

அதிகாரிக்குப் பின்னால் அலமாரியில் ஆறுமுகம் படித்த அதே சிவப்பு அட்டைப் புத்தகங்கள் வரிசையாக நின்றன. 'சார், சொன்னது நான்தான்.' மூன்று வார்த்தை. சொல்லவில்லை. பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களோ என்ற பயம் பாதி, ஆறுமுகம் திரும்பிப் பார்ப்பானே என்ற பயம் பாதி. அதிகாரி ஃபைலை மூடிவிட்டார்.

ஸ்டேஷனுக்கு நடந்தேதான் வந்தோம்.

மறுநாள் காலை ராஜபாளையத்தில் வண்டி நின்றது. ஜன்னல் வழியாக இரண்டு டீ வாங்கி ஒன்றை நீட்டினேன். வாங்காமல் என்னையே பார்த்தான்.

"அத்தான், விசாரிக்க வந்த ஆளுக்கும் டீ வாங்கிக் குடுத்தீரோ?"

"குடுத்தேன்."

"சரி அண்ணாச்சி" என்றான். டீயை வாங்கிக்கொண்டான்.

தம்பிமாரே, போகிறவர்கள் காலை பத்தரைக்குள் கேட்டில் நில்லுங்கள், எல்லாக் கடிதத்துக்கும் நகல் வையுங்கள், சாப்பாட்டைக் கையில் கொண்டுபோங்கள். கிளம்புமுன் ஊரில் உங்களைக் கேலி பேசுகிற ஆள் யார் என்று பார்த்து, விசாரணைக்கு ஆள் வரும் என்று அவனிடம் சொல்லிவையுங்கள். ஊரில் இருக்கிறவர்கள், யார் எவரைப் பற்றிக் கேட்டாலும், நீர் யார் என்று முதலில் கேளுங்கள்.

ஆறுமுகம் தறிக்கே திரும்பினான். புளியங்குடிப் பெண்ணையே கட்டினான், எனக்கு முதல் பந்தியில் இலை போட்டான். வழியில் பார்த்தால் இன்றைக்கும் நின்று, "சௌக்கியமா அண்ணாச்சி?" என்று கேட்கிறான். அண்ணாச்சி என்று ஊரில் யாரையும் கூப்பிடலாம். அத்தான் என்று கூப்பிட அவனுக்கு நான் ஒருத்தன்தான் இருந்தேன்.