நாகையில் ஒரு போருக்குள் மீட்டரை விட்டேன்

போன மே மாதம் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போனேன். கோயில் பார்க்க அல்ல. டெல்டாவின் நிலத்தடி நீரில் உப்பு எங்கே ஏறத் தொடங்குகிறது என்று நேரில் பார்க்க. படித்தது சுற்றுச்சூழல் பொறியியல். அறிக்கைகளைப் படித்துப் படித்து எரிச்சல்தான் மிச்சம். பேனா அளவு டிடிஎஸ் மீட்டர் 900 ரூபாய். லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். குடிநீர் 500க்குள் இருந்தால் நல்லது.

தஞ்சாவூர் லாட்ஜ் குழாயில் 410. காலை ஆறரை பஸ். திருவாரூர் டீக்கடையின் ஆழ்துளைக் கிணற்றில், அதாவது போரில், 980. நாகையிலிருந்து தெற்கே 18 கிலோமீட்டர் ஆட்டோ, போய்வர 700 ரூபாய். வழியில் ஒரு அடிபம்பு விடாமல் நான் இறங்கிச் சோதிப்பதைப் பார்த்த டிரைவர் காதர் பாய், "டாக்டருக்குப் படிச்சிட்டு ஆளு கெடைக்காம தண்ணிக்கு ஜுரம் பாக்குறீங்களா தம்பி?" என்றார்.

சாலைக்கு ஒருபுறம் இறால் குளங்கள், மறுபுறம் வெடித்துக் கிடந்த வயல். அங்கே நின்ற தனலட்சுமி அக்கா, "எங்க போரையும் பாத்துச் சொல்லுங்க தம்பி" என்று கூப்பிட்டார். ஒன்றரை ஏக்கர், சம்பா மட்டும். ஆற்றுத் தண்ணீர் தாமதமானால் போர்தான் கதி. இறால் பண்ணைக்காரர் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்கிறாராம். அக்கா மறுத்துக்கொண்டே வருகிறார்.

மோட்டாரைப் போட்டார். 4,600. கழுவி மறுபடி விட்டேன். அதேதான்.

"நெல்லுக்கு ஆகாதுக்கா" என்றேன், பட்டென்று.

அவர் அங்கேயே போனை எடுத்தார். "அண்ணே, தனம் பேசுறேன். நெலத்த எடுத்துக்குங்க. மெஷினு வச்சே பாத்தாச்சு, இனிமே நெல்லு வராது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அக்கா, இருங்க! இது கோடைத் தண்ணி. மழை பெஞ்சா உப்பு கொறையும். இறால் கொளம் வெட்டுனா இன்னும்தான் ஏறும்!"

"நீங்கதானே ஆகாதுன்னீங்க? முடிவெடுக்க முடியாம தூக்கமே இல்ல தம்பி. இப்பதான் நிம்மதி" என்று ஒரு சொம்பு மோர் கொடுத்தார். வாங்கி வைத்துவிட்டு அவர் போன் நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

நாகையில் இறங்கும்போது காதர் பாய் நம்பரையும் வாங்கிக்கொண்டேன்.

மீட்டரோடு போகிறவர்களுக்கு: மே மாதம் ஒரு முறை, மழை முடிந்து ஜனவரியில் ஒரு முறை அளந்து பாருங்கள். இரண்டும் கையில் வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். ஆட்டோவுக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். தொப்பி அவசியம்.

ஜூன் மாதம் அக்காவுக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. காதர் பாயைக் கேட்டேன்.

"ஜேசிபி வந்து எறா கொளத்துக்குக் கரை போட்டாச்சு தம்பி. பக்கத்து வயக்காரரு ஒங்களத்தான் கேக்குறாரு. மெஷின எடுத்துக்கிட்டு எப்ப வர்றீங்க?"